ஒன்றா, ஒருவரா? வசனத்தை எடைபோட்ட பிறகு வாதிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் 'தேவன் ஒருவரா, திரியேகரா' என்ற வாதம் நடந்து வருகிறது. தருமபுரிப் பக்கமிருந்து ஏகத்துவத்துக்காக எழுதியவரும், ஓசூர்ப் பக்கமிருந்து திரித்துவத்துக்காக (ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவராக இருக்கிறார் என்ற உபதேசத்துக்காக) எழுதியவரும் வசனங்களை அடுக்கியிருக்கிறார்கள். அவற்றில் பாதிக்குமேல், அவர்கள் ஏற்றிய பாரத்தைத் தாங்காதவை. நான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று அறிக்கையிடுகிற திருச்சபையைச் சேர்ந்தவன். அதை மறைத்து நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எனக்கு முதல் கவலை என் பக்கத்தார் கையில் எடுக்கிற வசனங்களைப் பற்றித்தான். ஆகவே அங்கேயிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பம் தீர வேண்டும். ஒரு கடிதத்தில் ஏகத்துவ சபையாரையும் யெகோவாவின் சாட்சிகளையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தார்கள். இரண்டும் எதிரெதிர் முனைகள். இயேசு படைக்கப்பட்டவர், பிதாவுக்குக் கீழானவர் என்பது யெகோவாவின் சாட்சிகளின் போதனை. நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரிய மூப்பர் சொன்னதற்கு அது நெருக்கமானது. ஏகத்துவ சபையார் சொல்வது அதுவல்ல. இயேசு முழுமையாகத் தேவன், பிதா என்பவரே மாம்சத்தில் இயேசுவாக வெளிப்பட்டார், பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே தேவனின் வெளிப்பாடுகள் என்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் சபேலியுஸ் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட கருத்துக்கு இது பக்கத்தில் நிற்கிறது. இயேசுவின் தெய்வத்துவத்தை மறுக்கிறவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஏகத்துவக்காரரிடம் சொன்னால், 'இதைத்தானே நாங்களும் சொல்கிறோம்' என்று அவர் எழுந்து போய்விடுவார்.

இனி வசனங்களுக்கு வருவோம்.

திரித்துவத்துக்கு எழுதியவர் முதலில் நிறுத்தியது 1 யோவான் 5:7. 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.' இதைவிடத் தெளிவான வசனம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வசனம் தெளிவுதான், ஆனால் அது யோவான் எழுதியதல்ல. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் இந்த வரி இல்லை. ஆரியுஸோடு நான்காம் நூற்றாண்டில் மல்லுக்கு நின்ற கிரேக்கச் சபைப் பிதாக்கள் ஒருவரும் இதை எடுத்துக் காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? இது லத்தீன் பக்கத்தில் தோன்றி, லத்தீன் வேதாகமத்தில் ஏறி, அங்கிருந்து கிரேக்கத்துக்குப் போனது. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இது கிடையாது. எதிர்ப்பு கிளம்பியது. இந்த வரியைக் கொண்ட ஒரு கிரேக்கப் பிரதி அவர் முன் வைக்கப்பட்டது. இன்று டப்ளினில் இருக்கும் அந்தப் பிரதி அவர் காலத்திலேயே எழுதப்பட்டது. 1522-ன் மூன்றாம் பதிப்பில் வரியைச் சேர்த்தார். அந்தப் பதிப்பு வழியில் வந்த கிரேக்க மூலத்தைப் பின்பற்றியதால்தான் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அது இருக்கிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று சாட்சிகள் மட்டுமே இருக்கும். எட்டாம் வசனத்தின் 'பூலோகத்திலே' என்ற சொல்லும் இந்தச் சேர்க்கையின் வால்தான். திரித்துவத்தை நம்புகிறவர்கள் இந்த வரியை இனி வாதத்துக்கு எடுக்கவே கூடாது. சேர்க்கை என்று தெரிந்த எதிராளி அதை உடைத்துவிட்டு, 'உங்கள் உபதேசமே சேர்க்கை' என்று கேட்கிறவர்களை நம்பவைத்துவிடுவார். அப்படி நம்பி மாறியவர்கள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை.

அதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும். ஏகத்துவக் கடிதத்தின் முதுகெலும்பு 1 தீமோத்தேயு 3:16: 'தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்.' பழைய கிரேக்கப் பிரதிகளில் 'தேவன்' என்ற சொல்லை முழுதாக எழுத மாட்டார்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் போட்டு, மேலே ஒரு கோடு இழுப்பார்கள். முதல் எழுத்து தீட்டா, அதாவது வட்டத்தின் நடுவே ஒரு குறுக்குக்கோடு. அந்தக் குறுக்குக்கோடும் மேற்கோடும் இல்லையென்றால் அதே இரண்டு எழுத்து 'அவர்' என்று பொருள்படும் வேறொரு சொல். சீனாய்ப் பிரதி, அலெக்சாந்திரியப் பிரதி என்ற இரண்டு மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் முதலில் எழுதிய கை 'அவர்' என்றே எழுதியது. பின்னால் வந்த கை 'தேவன்' ஆக்கியது. இரண்டு மெல்லிய மைக்கோடுகளின் மேல் ஒரு கொள்கையைக் கட்டலாமா? இன்னொன்று: 'தேவன்' என்றே வைத்துக்கொண்டாலும் இந்த வசனம் நம் இரு சாராருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லாது. தேவன் மாம்சத்தில் வந்தார் என்பதில் இருவரும் ஒன்றுதான். வந்தவர் பிதாவா, பிதாவால் அனுப்பப்பட்ட குமாரனா என்பதே கேள்வி. அதை இந்த வசனம் தொடவில்லை.

அடுத்து 'ஏகாத்'. உபாகமம் 6:4-ல் 'நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்' என்ற இடத்தில் இருக்கும் எபிரெயச் சொல் இது. 'ஏகாத் என்றால் கூட்டு ஒருமை. ஆதியாகமம் 2:24-ல் புருஷனும் மனைவியும் ஒரே மாம்சம் என்ற இடத்திலும், எண்ணாகமம் 13:23-ல் ஒரு திராட்சக்குலை என்ற இடத்திலும் அதே சொல்தான். ஆகவே ஒருவர் என்பதற்குள்ளேயே மூவர் இருக்கிறார்கள்' என்று எங்கள் பக்கப் பிரசங்கிகள் பலர் சொல்கிறார்கள். இது தவறு. ஏகாத் என்பது எபிரெயத்தில் சாதாரண 'ஒன்று'. கிருஷ்ணகிரி மண்டியில் 'ஒரு கூடை மாங்காய்' என்கிறோம். கூடைக்குள் நூறு காய் இருக்கலாம். பன்மை 'கூடை' என்ற சொல்லில் இருக்கிறது, 'ஒரு' என்ற சொல்லில் இல்லை. 'ஒரு மாங்காய்' என்றால் ஒன்றேதான். பிரசங்கி 4:8-ல் மகனும் சகோதரனும் இல்லாத தனி மனிதனைச் சொல்லவும் இதே ஏகாத் வருகிறது. உபாகமம் 6:4 இஸ்ரவேலுக்கு வேறு தேவன் இல்லை என்று சொல்ல வந்த வசனம். இயேசுவே மாற்கு 12:29-ல் அதைப் பிரதான கற்பனை என்றார். அதை அதன் போக்கிலேயே வாசித்து, முழுமையாக ஒப்புக்கொண்டு, பிறகு மற்றதைப் பேச வேண்டும்.

'தேவன்' என்பதற்கான எபிரெயச் சொல்லாகிய 'ஏலோஹீம்' பன்மை என்ற வாதமும் அப்படியே. அது வடிவத்தில் பன்மை. ஆதியாகமம் 1:1-ல் அதற்கு வரும் வினை ஒருமை. 1 இராஜாக்கள் 11:33-ல் மோவாபியரின் காமோசுக்கும் அதே வடிவம் வருகிறது. காமோசு மூவரா? யாத்திராகமம் 7:1-ல் மோசேயைப் பார்வோனுக்கு ஏலோஹீம் ஆக்கினேன் என்று கர்த்தர் சொல்கிறார். தமிழனுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. 'ஆசிரியர் வந்தார்' என்று ஒருவரைத்தான் சொல்கிறோம், வடிவமோ பலர்பால். உயர்வு பற்றி ஒருமையைப் பன்மையாகச் சொல்வதை நன்னூல் வழுவமைதி என்று ஏற்கிறது. 'நமது சாயலாக உண்டாக்குவோமாக' என்ற ஆதியாகமம் 1:26 மட்டும் சற்று யோசிக்க வைக்கிறது. அதற்கும் தேவதூதர் சபையை நோக்கிய பேச்சு என்ற யூத விளக்கம் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. அது ஒரு துணைச் சான்றாக நிற்கும், தூணாக நிற்காது.

இப்போது யோவான் 10:30. 'நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்.' இந்த ஒரு வசனத்தை இரண்டு கடிதமும் மேற்கோள் காட்டுகின்றன, இரண்டும் சொல்லைக் கவனிக்கவில்லை. ஏகத்துவ நண்பர் தன் விளக்கத்தில் 'நானும் பிதாவும் ஒருவரே' என்று எழுதியிருக்கிறார். வசனத்தில் 'ஒருவர்' இல்லை, 'ஒன்று' இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஒன்று' என்ற சொல்லுக்கு ஆண்பால், பெண்பால், அஃறிணை என மூன்று வடிவம் உண்டு. இங்கே வருவது அஃறிணை. வினை 'இருக்கிறோம்' என்ற தன்மைப் பன்மை, 'இருக்கிறேன்' இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் நுணுக்கமாகக் காப்பாற்றியிருக்கிறது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் தெலுங்கு வேதாகமம் இருந்தால் திறந்து பாருங்கள்: 'ஏகமையுன்னாமு'. கன்னடத்தில் 'ஒந்தாகித்தேவெ'. மூன்று மொழியிலும் பன்மை வினை. பேசுகிறவரும் பிதாவும் ஒரே ஆள் என்றால் இந்த 'ஓம்' விகுதிக்கு இடமில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தார் இங்கே மிஞ்சிப் போகிறார்கள். அஃறிணை 'ஒன்று' என்றாலே 'ஒரே சாராம்சம்' என்று அகராதிப் பொருள் போல எழுதுகிறார்கள். 1 கொரிந்தியர் 3:8-ல் 'நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் ஒன்றாயிருக்கிறார்கள்' என்ற இடத்திலும் அதே அஃறிணை 'ஒன்று'தான். பவுலும் அப்பொல்லோவும் ஒரே சாராம்சமா என்பதல்ல அங்கே பேச்சு. ஒரே வேலை, ஒரே நோக்கம். யோவான் 17:22-ல் சீஷர்களும் 'நாம் ஒன்றாயிருக்கிறதுபோல' ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபிக்கிறார். ஆகவே 10:30-ன் 'ஒன்று' என்ற சொல் மட்டும் சாராம்சத்தை நிரூபிக்காது. அது எதைக் குறிக்கிறது என்பதைச் சூழல்தான் சொல்லும். 28, 29-ம் வசனங்களில் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறிக்க முடியாது, பிதாவின் கையிலிருந்தும் பறிக்க முடியாது என்று இரு கைகளுக்கும் ஒரே வல்லமையைச் சொல்கிறார். அதைக் கேட்டுத்தான் யூதர் கல்லெடுத்தார்கள். வாதத்தை அங்கே வைக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லையே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. கலாத்தியர் 3:28-ல் 'நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்' என்று தமிழில் இருக்கிறது. கிரேக்கத்தில் அங்கே ஆண்பால், அதாவது 'ஒருவராயிருக்கிறீர்கள்'. ஒரே தமிழ்ச் சொல் இரண்டு கிரேக்க வடிவத்தை மூடி நிற்கிறது.

இதைவிடப் பெரிய மூடுதிரை 'கர்த்தர்' என்ற சொல். பழைய ஏற்பாட்டில் 'யெகோவா' என்று வாசிக்கப்படும் நான்கெழுத்து எபிரெயத் திருநாமம் வரும் இடங்களில், ஒருசில தவிர, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கர்த்தர்' என்கிறது. புதிய ஏற்பாட்டில் 'கீரியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'கர்த்தர்'. தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு 'ஒரே கர்த்தர்' என்று சகரியா 14:9-லும், 'இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர்' என்று 1 கொரிந்தியர் 8:6-லும் பார்த்தவுடன், ஆள் ஒருவரே என்ற முடிவு தானாக வந்துவிடுகிறது. தெலுங்கு வாசகருக்கு அப்படி வராது. அவருடைய உபாகமம் 6:4-ல் 'யெகோவா' என்று பெயரே இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 'பிரபுவு' என்று இருக்கிறது. இந்த இணைப்பு வெறும் தமிழ்த் தற்செயல் என்றும் நான் சொல்லவில்லை. யோவேல் 2:32-ல் திருநாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவன் இரட்சிக்கப்படுவான் என்பதைப் பவுல் ரோமர் 10:13-ல் எடுத்து இயேசுவுக்கே பொருத்துகிறார். இயேசுவுக்குத் திருநாமத்தின் மகிமை உண்டு என்பதற்கு இது உறுதியான சான்று. ஆனால் 1 கொரிந்தியர் 8:6-ஐ முழுதாகப் படியுங்கள். 'பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு' என்று சொல்லி, அப்புறம்தான் இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரைச் சொல்கிறார். பவுல் உபாகமம் 6:4-ன் 'தேவன்', 'கர்த்தர்' என்ற இரண்டு சொல்லையும் எடுத்து, ஒன்றைப் பிதாவுக்கும் ஒன்றைக் குமாரனுக்கும் வைக்கிறார். இருவரையும் ஒரே விசுவாச அறிக்கைக்குள் வைக்கிறார், ஒருவராகக் கலக்கவில்லை.

ஏசாயா 9:6-ன் 'நித்திய பிதா' பற்றி அதிகம் வேண்டாம். அங்கே பேச்சு தாவீதின் சிங்காசனத்தில் அமரும் ராஜாவைப் பற்றியது. ராஜாவும் அதிகாரியும் ஜனத்துக்குத் தகப்பன் என்பது எபிரெய வழக்கு. ஏசாயா 22:21-ல் எலியாக்கீம் எருசலேமின் குடிகளுக்குத் தகப்பனாயிருப்பான் என்று அதே ஏசாயா சொல்கிறார்.

பாரம் தாங்காத வசனங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது எது? ஏகத்துவத்தின் கையில் பலமான வசனங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தார் அவற்றைத் தாண்டி ஓடக்கூடாது. 'நான் ஒருவராய் வானங்களை விரித்து' என்ற ஏசாயா 44:24. 'என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்' என்ற யோவான் 14:9. தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் சரீரப்பிரகாரமாக அவருக்குள் வாசமாயிருக்கிறது என்ற கொலோசெயர் 2:9. வெளிப்படுத்தின விசேஷம் 22:3-ல் தேவனும் ஆட்டுக்குட்டியானவரும் இருக்கும் சிங்காசனத்தைச் சொல்லிவிட்டு, 'அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவித்து' என்று ஒருமையில் முடிகிறது, கிரேக்கத்திலும் ஒருமைதான். மூன்று தனித் தேவர்கள் போலப் பிரசங்கிக்கிறவர்களை இந்த வசனங்கள் தடுத்து நிறுத்துகின்றன. அந்தக் கண்டிப்பு எங்களுக்குத் தேவை.

மறுபக்கத்தில் ஏகத்துவத்தால் எளிதில் கடக்க முடியாத இடம் யோவான் 17:5. 'பிதாவே, உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமையினாலே இப்பொழுது நீர் என்னை உம்மிடத்திலே மகிமைப்படுத்தும்.' ஜெபிக்கிறது இயேசுவின் மனுஷத்தன்மை, கேட்கிறது அவருடைய தேவத்தன்மை என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கெத்செமனே ஜெபத்துக்கு அந்தப் பதிலை ஒருவர் சொல்லிப் பார்க்கலாம். இங்கே ஒட்டாது. உலகம் உண்டாகுமுன் மரியாளிடம் பிறந்த மனுஷத்தன்மை இல்லை. அப்போது 'எனக்கு' என்று சொல்ல அங்கே யார்? நன்கு படித்த ஏகத்துவ போதகர்கள் வேறு பதில் சொல்வார்கள்: அது தேவதிட்டத்தில் முன்குறிக்கப்பட்ட மகிமை, 1 பேதுரு 1:20-ல் கிறிஸ்து உலகத்தோற்றத்திற்கு முன்னே குறிக்கப்பட்டவர் என்று இருக்கிறதே என்பார்கள். மதிக்கத்தக்க பதில். ஆனால் வசனத்தில் 'உம்மிடத்தில்' இரண்டு முறை வருவதைப் பாருங்கள். இப்பொழுது உம்மிடத்திலே வேண்டும் என்று கேட்கும் மகிமை நிஜமானது என்றால், முன்னே உம்மிடத்தில் இருந்ததும் நிஜம்தான். ஒரே வாக்கியத்தில் ஒன்று திட்டமும் மற்றொன்று நிஜமும் ஆக முடியாது.

யோவான் 8:17-18 இன்னொன்று. இரண்டுபேருடைய சாட்சி உண்மை என்ற நியாயப்பிரமாணத்தைக் காட்டி, நான் ஒரு சாட்சி, என்னை அனுப்பின பிதா ஒரு சாட்சி என்கிறார். இரு தன்மையுள்ள ஒரே ஆளை நியாயப்பிரமாணம் இரண்டு சாட்சியாக எண்ணாது. 14:16-ல் பரிசுத்த ஆவியை 'வேறொரு தேற்றரவாளன்' என்பது, வெளிப்படுத்தின விசேஷம் 5:7-ல் சிங்காசனத்தில் உட்கார்ந்தவரின் வலதுகையிலிருந்து ஆட்டுக்குட்டியானவர் புஸ்தகத்தை வாங்குவது, இவையும் அந்த வரிசை. திரித்துவத்தை இங்கேயிருந்து கட்டுங்கள். கட்டும்போது யோவான் 14:28-ன் 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்பதையும், அந்த நாளைக் குமாரனும் அறியார் என்ற மாற்கு 13:32-ஐயும் ஒளித்து வைக்காதீர்கள். எதிராளி எடுத்துக் காட்டும்வரை காத்திருந்தால், ஒளித்தது போலவே தோன்றும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. திரித்துவத்தை விளக்க ஐஸ், தண்ணீர், ஆவி என்ற உதாரணத்தைத் தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அது திரித்துவம் இல்லை, சபேலியுஸ் கருத்துதான்: ஒரே பொருள், நேரத்துக்கு ஒரு வடிவம். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தானில் குமாரன் நீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். மிகக் குறைந்த அழுத்தத்தில் 0.01 டிகிரி செல்சியஸில் மூன்று நிலையும் சேர்ந்திருக்குமே என்று அறிவியல் படித்த பிள்ளை கேட்கலாம். அப்போதும் அந்த நீரின் ஒரு பகுதி ஐஸ், ஒரு பகுதி தண்ணீர், ஒரு பகுதி ஆவி. தேவனைப் பாகம் பிரித்த தவறு வந்துவிடும். ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்ற முட்டை உதாரணத்தின் குறையும் அதுவே. ஒரே ஆள் தகப்பனுக்கு மகன், மனைவிக்குப் புருஷன், பிள்ளைக்கு அப்பா என்பது ஏகத்துவ மேடையின் உதாரணம். நாங்களே அதையும் கடன் வாங்கிச் சொல்கிறோம். பன்னிரண்டு வருஷம் சபேலியுஸைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளை பெரியவனாகி ஏகத்துவ சபைக்குப் போனால் யாரைக் குறை சொல்வது? உதாரணம் வேண்டாம். யோவான் 14 முதல் 17 வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். யார் யாரை அனுப்புகிறார், யார் யாரிடம் பேசுகிறார் என்று பிள்ளைகளையே பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். நான்கு வகுப்பு போதும். 'ஆள்' என்ற சொல்லையும் கவனமாகப் பேசுங்கள். 'மூன்று ஆட்கள்' என்றால் பிள்ளையின் மனதில் பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேர்தான் வருவார்கள். இரண்டாவது வாய்ப்பாக, அக்கம்பக்கத்து மும்மூர்த்திகளோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரித்த மூவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

'திரித்துவம் கான்ஸ்டன்டைன் ராஜா 325-ல் உண்டாக்கியது' என்ற வரி துண்டுப் பிரசுரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தேதிகளைப் பார்த்தால் நிற்காது. அந்தியோகியா தெயோப்பிலுஸ் ஏறக்குறைய 180-லேயே தேவன், அவருடைய வார்த்தை, அவருடைய ஞானம் என்று 'மும்மை' என்ற கிரேக்கச் சொல்லை எழுதிவிட்டார். கார்த்தேஜ் தெர்த்துல்லியன் ஏறக்குறைய 213-ல் பிராக்ஸியாவுக்கு எதிராக எழுதிய நூலில் அதற்கான லத்தீன் சொல் வருகிறது. பிராக்ஸியா சொன்னது ஏறத்தாழ இன்றைய ஏகத்துவம்தான். அதாவது இரு கட்சியும் கான்ஸ்டன்டைனுக்கு நூறு வருஷம் முன்பே இருந்தன. கான்ஸ்டன்டைன் 325-ல் நிசேயாவில் கூட்டிய சபைச் சங்கத்தில் பேசப்பட்டது ஆரியுஸ் விவகாரம். பரிசுத்த ஆவியைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரே ஒரு சொற்றொடர்தான், விரிவானது 381-ல். 'திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை' என்பது உண்மை. 'ஏகத்துவம்' என்ற சொல்லும் இல்லை. அது வாதமே ஆகாது. இன்றைய ஏகத்துவ இயக்கத்தின் தொடக்கமும் தெரிந்ததே: 1913-ல் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே நடந்த பெந்தெகொஸ்தே முகாமில் இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பற்றிய பேச்சு எழுந்தது, 1916-ல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை திரித்துவ அறிக்கையை ஏற்றபோது ஏகத்துவ ஊழியர்கள் பிரிந்தார்கள். புதியது என்பதற்காக ஒன்றைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழையது என்ற பெருமையை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்க வரலாற்றில் இடமில்லை.

கடைசியாக, குடும்பங்களைத் தொடுகிற விஷயம்: ஞானஸ்நானம். மத்தேயு 28:19 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே' என்கிறது. அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48, 19:5 இயேசுவின் அல்லது கர்த்தரின் நாமத்தைச் சொல்கின்றன. 'நாமத்திலே என்பது வேறு, நாமத்தினாலே என்பது வேறு' என்று தமிழ் உருபை வைத்து வாதிட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் மத்தேயு 28:19-லும், அப்போஸ்தலர் 8:16, 19:5-லும் ஒரே இடைச்சொல்தான்: 'நாமத்துக்குள்', 'பேருக்கு'. நம் ஊர் வழக்கில் 'நிலத்தை அவர் பேருக்குப் பட்டா மாற்றுவது' என்கிறோமே, அந்தப் 'பேருக்கு'. அந்தக் காலக் கிரேக்கக் கணக்குச் சீட்டுகளிலும் ஒருவர் பேருக்குத் தொகை வரவு வைக்க இந்தச் சொல்லே வருகிறது. ஞானஸ்நானம் பெறுகிறவர் யாருக்கு உரியவர் ஆகிறார் என்பதுதான் இதன் பொருள். 2:38-ல் வேறொரு இடைச்சொல், 10:48-ல் இன்னொன்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஒரே மாறாத வாய்ப்பாட்டைப் பதிவு செய்திருந்தால் இப்படி மூன்று விதமாக வராது.

மத்தேயுவின் வரி பின்னால் சேர்த்தது என்ற வாதமும் நிற்காது. நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் செசரியா யூசேபியுஸ் சில இடங்களில் 'என் நாமத்தினாலே' என்று சுருக்கி மேற்கோள் காட்டுகிறார். ஆனால் அந்த வசனம் இருக்கும் கிரேக்கப் பிரதி ஒவ்வொன்றிலும் முழு வரியும் இருக்கிறது. 1 யோவான் 5:7-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான 'திதகே'யில் இரண்டும் அருகருகே வருகின்றன. ஏழாம் அதிகாரம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில், ஓடும் தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. ஓடும் தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெதுவெதுப்பானது, இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. ஒன்பதாம் அதிகாரம் அதே ஆட்களைக் 'கர்த்தரின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்கிறது. முதல் தலைமுறைகளில் இவை இரண்டு கட்சியின் இரண்டு ஞானஸ்நானம் அல்ல. ஒன்று தண்ணீரில் சொன்ன சொல், மற்றது அதற்கு வழங்கிய பெயர்.

இதை ஏற்காதவர்கள் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் நடைமுறையில் ஒன்றைச் செய்யலாம். தென்பெண்ணையிலோ, காவிரியிலோ, சபையின் தொட்டியிலோ ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள், இறங்குகிறவரிடம் என்ன சொல்லி முழுக்காட்டப்போகிறோம், முன்பு பெற்றதை ஏன் ஏற்கவில்லை என்பதைத் தண்ணீருக்கு முன்பே சொல்லுங்கள். பெரும்பாலான ஏகத்துவ சபைகள் திரித்துவ வாய்ப்பாட்டில் பெற்றதை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, தண்ணீரும் மத்தேயு 28:19-ன் வார்த்தைகளும் இருந்தால் மற்ற சபைகளின் ஞானஸ்நானத்தையும் ஏற்கும். 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்ததை ஏற்காது. அது தெரியவருவது பல வருஷம் கழித்துக் கல்யாண ஓலை வாசிக்கும் நேரத்தில். அந்த ஞானஸ்நானம் செல்லாது என்றால், கத்தோலிக்கப் பெண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் நடக்கும் கல்யாணத்துக்கு வேற்றுச் சபைக் கல்யாணத்துக்கான அனுமதி போதாது. ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கான விலக்கை ஆயரிடம் பெற வேண்டும். என்ன சொன்னார்கள் என்றே தெரியாவிட்டால் பங்குத்தந்தை சாட்சி தேட வேண்டும். பத்திரிகை அச்சடித்து மண்டபம் பேசிய பிறகு இரண்டு வீட்டாரும் இதற்காக அலைவது வேண்டாத வேதனை.

ஆகவே சபைப் பதிவேட்டிலும் கையில் கொடுக்கும் சான்றிதழிலும் நான்கு விவரம் எழுதுங்கள்: தேதி, முழுக்கா ஊற்றலா, கொடுத்தவர் பெயர், அப்போது சொன்ன வார்த்தைகள் அப்படியே. இன்று பல சான்றிதழில் முதல் மூன்று இருக்கின்றன, நான்காவது இல்லை. அச்சடித்த படிவத்தில் இடம் இல்லையென்றால் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டாலும் போதும். இரண்டு மாவட்டத்திலும் இரண்டு பக்கத்துப் போதகர்களும் வரும் முழுக்கு ஆராதனையிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.